இரண்டு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர்

நவம்பர் 10, திங்கள். சிதம்பரம், அம்மா வீடு.

காலையிலிருந்து மழை. கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். பள்ளிகளுக்கு விடுமுறை. எனக்கு இல்லை. டாக்டரம்மா பிரசவத்துக்குச் சொன்ன தேதி தாண்டி இன்றோடு ஆறு நாள்.

போனில் விசாரித்தவர்கள் இன்று மட்டும் ஒன்பது பேர். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "என்னம்மா, ஆயிடுச்சா?" ஆகியிருந்தால் போனை நானா எடுப்பேன்? ஒன்பதாவது ஆள் எங்கள் தாலுக்கா ஆபீஸ் தலையாரி. "சர்வேயர் மேடம், அந்த அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, எப்ப வந்து அளப்பீங்கன்னு கேக்குறாங்க." லீவில் இருக்கிறேன் என்றேன். "அது தெரியும் மேடம், ஆயிடுச்சா?"

ஆஸ்பத்திரிப் பை:
பழைய காட்டன் புடவை 4 (கிழித்துத் துணியாக்கியது)
முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி 3
பிளாஸ்க், டம்ளர்
ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம்
ஆதார் ஜெராக்ஸ் 6. எதற்கு ஆறு என்று தம்பி கேட்டான். அரசாங்கத்தில் வேலை பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டான்.
இந்த நோட்டு

மதியம் கடலூரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். என் மாமியார், மாமனார். இனி சுருக்கமாக மா.வீ. என்றால் மாமியார் வீடு, அ.வீ. என்றால் அம்மா வீடு. சண்டை எழுத வசதி.

சண்டை இதுதான். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அத்தை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "சர்க்கரைத் தண்ணி உங்க மாமாதான் வெக்கணும் மலரு. அவுரு மாதிரி ஒழுங்கா வரணும் புள்ள."

அம்மா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். "எங்க சைடுல தாய்மாமன்தான் வெக்கிறது, சம்பந்தி."

மாமா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். விடிகாலை நாலே முக்காலுக்கு எழுவார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மூன்று பிழை கண்டுபிடித்து அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர். தாய்மாமன் என்பது என் தம்பி பாபு. பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறான். வருகிறவர்களுக்கு ஜோக் சொல்லுவான், அது முடிவதற்குள் அவனே சிரித்துவிடுவான். ஒரு தடவை சிரித்துத் தண்ணீரில் விழுந்திருக்கிறான்.

"புள்ள நாலு பேருகிட்ட சிரிச்சுப் பேசணுமில்ல?" அம்மா.

"சிரிச்சிகினே இருந்தா படிக்கிறது எப்ப?" அத்தை.

"ஆளுக்கு ஒரு விரல் வெச்சிட்டா போச்சு" என்று பாபு சொல்லி, அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமாவை யாரும் கேட்கவே இல்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பத்து வருடமாக வரப்புத் தகராறு அளக்கிறேன். முக்கால் அடிக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே இன்னும் நிலமே வரவில்லை. எனக்கு இருப்பது ஒரே பயம், பிள்ளை நல்லபடியாக வெளியே வர வேண்டும். அதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே இல்லை.

நவம்பர் 12, புதன். ஆஸ்பத்திரி.

மழை விட்டு விட்டு. காலை ஏழு மணிக்குச் சேர்ந்தாயிற்று. வலி தானாக வரவில்லை, மருந்து வைத்து வரவழைக்கிறார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி. "நடங்க, நடந்தாதான் தலை எறங்கும்" என்றார். வராண்டா என் நடைக்கு நாற்பத்திரண்டு தப்படி. இதுவரை அறுபது தடவை.

காலை 9: 2 செ.மீ.
மதியம் 1: 2 செ.மீ.
மாலை 5: 3 செ.மீ.

கர்ப்பப்பை வாய் பத்து வரை திறக்க வேண்டுமாம். எட்டு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர். எங்கள் ஆபீஸில் பட்டா மாறுதல்கூட இதைவிட வேகம்.

பக்கத்துக் கட்டில் பெண் இரண்டு மணிக்கு ஆட்டோவில் வந்தாள். இரண்டே முக்காலுக்குப் பையன். நாலு மணிக்குப் பரோட்டா கேட்கிறாள். அவள் புருஷன் எனக்கும் லட்டு கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். மனசுக்குள் திட்டினேன். லட்டு நன்றாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கடலூரில் கம்பெனி ஷிப்டு முடித்து மதியம் பஸ் ஏறினார். ரோட்டில் தண்ணீர். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு போன். "ஆலப்பாக்கம் தாண்டிட்டேன்." "புதுச்சத்திரத்துல நிக்கிது." "பு.முட்லூர் வந்துட்டேன், எவ்ளோ ஆச்சி?"

"நீங்க ஊர் ஊரா வாங்க. நான் சென்டிமீட்டர் சென்டிமீட்டரா வர்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். பாவம். அழுகிற குரல் மாதிரிதான் இருந்தது.

எழுத்து கோணல். வலி வந்தால் அம்மா நோட்டைப் பிடுங்கிவிடுகிறாள். "இன்னாடி எழுதற, பரீச்சையா?" இதோ வருகிறது. இது பெரியது

நவம்பர் 14, வெள்ளி.

உட்கார முடியாது. படுத்தபடி, பென்சிலில்.

புதன் ராத்திரி போனது எப்படி என்று எழுதப் போவதில்லை. கத்தினேன் என்று மட்டும் போதும். நர்ஸ் அக்காவை "ஏய்" என்றேன். டாக்டரம்மாவிடம் "நீங்க வந்து படுங்க, நான் வந்து முக்குன்னு சொல்றேன்" என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வலியில் மறுபடி சொன்னேன். "எல்லாரும் சொல்றதுதாம்மா" என்றார் அவர்.

வியாழன் காலை ஆறு மணி. ஏழு சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது. குழந்தையின் இதயத் துடிப்பு மெஷினில் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது, வேகம் குறையத் தொடங்கியது. டாக்டரம்மா சிரிப்பதை நிறுத்தினார். அதற்கப்புறம் எல்லாமே ஓட்டம். தியேட்டர், முதுகில் ஊசி, நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணி. இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போ. "கொடி கழுத்துல ரெண்டு சுத்து" என்ற குரல். வலி இல்லை, இழுக்கிறது மட்டும் தெரிந்தது. வெளியே எடுத்துவிட்டார்கள்.

அழுகைச் சத்தம் இல்லை.

"ஏன் அழல?"

"பொறும்மா."

"டாக்டர், ஏன் அழல?"

"பாக்குறாங்கம்மா, பாத்துக்கினு இருக்காங்க."

மூலையில் நாலு பேர் குனிந்து நின்றார்கள். முதுகுதான் தெரிந்தது. எண்ணினேன். நூற்று நாற்பது வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். எங்கிருந்தாவது ஒரு சின்னச் சத்தம் வந்தால் போதும் என்று காதையே உடம்பாக வைத்துக்கொண்டு கிடந்தேன்.

பெண். 2 கிலோ 900. மூச்சு வந்துவிட்டது, அழுகை வரவில்லை. பச்சைக் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். முகத்தை எனக்குக் காட்டக்கூட நேரமில்லை. இவர் வாசலிலிருந்து ஒரு போட்டோ எடுத்துவந்தார். பாதியில் அவருடைய கட்டை விரல், மீதியில் டியூப். நேற்றிலிருந்து அந்தக் கட்டை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறைய அழுதேன்.

வெளியே நடந்ததை பாபு சொன்னான். நர்ஸ் வந்து "பொண்ணு" என்றதும் மா.வீ., அ.வீ. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தார்களாம். "வாய்ல எதையாச்சும் வெச்சீங்க, இந்தப் பக்கமே விடமாட்டேன். தாய்ப்பால் மட்டும்தான்" என்று நர்ஸ் போட்ட சத்தத்தில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தை அழவில்லை என்று அப்புறம்தான் சொல்லியிருக்கிறார்கள். மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது பாபு சிரிக்கவில்லை.

நவம்பர் 15, சனி.

கொஞ்சம் வெயில். ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள்! தாய் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள்.

செய்தி பரவிய வேகம். அம்மா பாத்ரூமுக்குப் போன நேரம் பார்த்து அத்தை வந்தார். சின்னக் கண்ணாடி பாட்டில். "உங்க மாமா விரலு பட்டது மலரு. வெந்நீர்ல கழுவுன விரல்தான். ஒரே ஒரு சொட்டு, நாக்குல. நர்ஸுக்குத் தெரிய வாணாம்." நைட்டிப் பையில் போட்டுவிட்டார். அத்தை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அம்மா வந்தாள். டானிக் பாட்டில். "பாபு தொட்டுக் குடுத்தான்டி." மற்றொரு பையில்.

இரண்டு பக்கமும் கனமாக, தையல் இழுக்க, சக்கர நாற்காலியில் போனேன்.

இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே. உச்சியில் நிறைய முடி. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, யார்மீதோ கோபமாகத் தூங்குகிறாள். விரலைத் தொட்டேன், பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் எழுத வரவில்லை.

அங்கிருந்த சிஸ்டர் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துப் பாலைப் பீய்ச்சச் சொன்னார். இன்னும் வாயால் இழுத்துக் குடிக்கப் பலமில்லை, பாலாடையில்தான் புகட்ட வேண்டும். கால் மணி நேரம் முயன்றேன். ஒன்றும் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. "காலையில இன்னா சாப்ட்ட?" என்றார் சிஸ்டர். அரை இட்லி. "அதான். இரு, தண்ணி கொண்டாரேன்" என்று போனார்.

சுவரில் பெரிய போர்டு, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று. கையில் இரண்டு பாட்டில். கண்ணாடிப் பெட்டிக்குள் கோபக்காரி. நான் ஒரு அரசு ஊழியர், போர்டை மீற மாட்டேன். தொண்டையோ வறண்டு கிடந்தது.

குடித்துவிட்டேன். முதலில் மா.வீ., பிறகு அ.வீ. மா.வீ. தண்ணீரில் ஏலக்காய் போட்டிருந்தார்கள். அ.வீ.யில் சர்க்கரை ஜாஸ்தி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

சிஸ்டர் வந்து, "இன்னாம்மா குடிச்ச?"

"மருந்து."

சர்க்கரைத் தண்ணீரோ, விரலைப் பிடித்தாளே அதுவோ, அரை மணி நேரத்தில் மஞ்சளாகச் சீம்பால் சொட்டியது. ஏழு சொட்டு. பாலாடையால் புகட்டினோம். சப்புக்கொட்டினாள். மாமா குணமும் பாபு குணமும் என் வழியாகத்தான் போயிருக்கின்றன. யாருக்கும் நஷ்டமில்லை.

வெளியே வந்ததும் அத்தை தனியாகக் கண்ணால் கேட்டார். தலையை ஆட்டினேன். அம்மா தனியாகக் கேட்டாள். அவளுக்கும் ஆட்டினேன். இது இந்த நோட்டோடு போகட்டும்.

நவம்பர் 17, திங்கள்.

பாப்பா என் கட்டிலுக்கு வந்துவிட்டாள். பால் குடிக்கிறாள். மெதுவாக, ஆனால் தானாக.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சந்தோஷம். தூக்கத்தில் உதட்டைக் கோணினால் அம்மா, "பாபுவேதான்!" முழித்து மேலே பார்த்தால் அத்தை, "ஹெட்மாஸ்டர் பார்வை." மாமா கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று துண்டுச் சீட்டில் பால் நேரம் எழுதித் தந்திருக்கிறார். ஒரு பிழைகூட இல்லை.

ஆனால் அழவில்லை. பசித்தால் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். டாக்டரம்மா ரவுண்ட்ஸில் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். முனகல். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு. அழுகை மட்டும் நல்லா வரணும். வந்தா வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அதிலிருந்து எல்லோரும் குழந்தையை அழவைக்கிற வேலையில் இறங்கிவிட்டார்கள். பாபு பயமுறுத்துகிற மாதிரி முகம் வைத்தான், அவனுக்கே சிரிப்பு வந்து வெளியே போனான். இவர் "பாப்பா, அழுடா தங்கம்" என்று கெஞ்சுகிறார். அம்மா காலைச் சுண்டினால் அத்தை, "வலிக்கப் போவுது!" அத்தை சுண்டினால் அம்மா, "மெதுவா சம்பந்தி!" மாமா இருமிப் பார்த்தார். அதற்கு ஒரு வகுப்பே நடுங்கியிருக்குமாம். இவள் கொட்டாவி விட்டாள்.

எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தால் தையல் இழுக்கிறது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டபோது சிரிப்பு இல்லை. அந்த நூற்று நாற்பதைத்தான் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்.

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

காலை எட்டுக்குப் பால் நேரம். ஏழே முக்காலுக்கு, யார் குணம் வந்திருக்கிறது என்று வராண்டாவில் ஆரம்பித்தார்கள். இவர் சமாதானம் செய்யப் போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். குழந்தை அத்தை கையில். கேட்டால், "இரு மலரு, இதப் பேசி முடிச்சிட்டுத் தரேன்." மாமா சீட்டைக் காட்டினார், யாரும் பார்க்கவில்லை. எட்டு ஐந்து. எட்டு பத்து. முனகல். எட்டு பன்னிரண்டு.

கத்தினாள்.

அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. முகம் செக்கச்செவேல், முஷ்டி இரண்டும் மேலே, வாய் மட்டும்தான் முகத்தில் பாக்கி. பக்கத்து வார்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. இவர் பிளாஸ்கைக் கீழே போட்டார். பாபு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே அழுதான். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"யப்பா! யாரு குணம்டா இது?" என்றார் அத்தை. மாமாவைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து மடியில் போட்டாள். "குடுடி, பாவம், தொண்ட வத்திப் போவுது."

நான் பட்டனைக் கழற்றவில்லை. அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி பாக்குற? குடு!"

"இரும்மா. அஞ்சு நாள் முன்னாடி கேக்க வேண்டியது. கொஞ்சம் கேட்டுக்கிறேன்."