வலது கண் பார்த்தது

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் என் நினைப்பு. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் எப்போதும் அடுத்த வரியை எழுதுவேன், இந்தத் தடவை என் வலது கண் சுகம் என்று மட்டும் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தாலும் இது என் கையெழுத்துதான், கண்ணில் புரை விழுந்த பிறகு நான் பேனாவையே தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். இதை ஆபீசில் பிரித்துப் படிக்காதே, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து படி. படித்த கையோடு அப்பாவுக்குப் போன் போட்டுவிடவும் வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஆபரேஷன் கதை. நீ போனில் கேட்டபோது அப்பாவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ம் கொட்டியதோடு சரி. பயப்படும்படி ஒன்றுமே இல்லையடி. கண்ணில் மருந்து விட்டு மரத்துப்போகச் செய்தார்கள், முகத்தில் ஓட்டை போட்ட துணியைப் போர்த்தினார்கள், மேலே விளக்கு தண்ணீருக்குள் இருப்பது போல ஆடிக்கொண்டிருந்தது, நம் பாஷை பேசும் டாக்டரம்மா பக்கத்தில் நின்ற நர்சிடம் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலையை முடித்துவிட்டார். நல்லவேளை அப்பா உள்ளே இல்லை. பிழைக்க வந்த இந்த ஊர் ஓட்டலில் ஆயுசு பூராவும் கொதிகலனும் குழாயும் பார்த்த மனிதர், இருந்திருந்தால் ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டு வாஷர் மாற்றச் சொல்லிக் கொடுத்திருப்பார். மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மறுநாள் போய்க் கண்மேல் இருந்த மூடியை எடுத்தோம்.

அந்த வெள்ளையை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதே ஓட்டலின் சலவைக்கூடத்தில் நான் வெள்ளையைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன், துவைத்து வரும் விரிப்பையும் தலையணை உறையையும் ஒரு புது உறைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்போம், துளி மஞ்சள் ஏறியிருந்தாலும் தனியே எடுத்துப் போட்டுவிடுவோம், எனக்கு அங்கே கழுகு என்றே பட்டப்பெயர். அந்தக் கழுகுக்கு இத்தனை நாளாக உலகமே டீத்தண்ணீரில் முக்கியெடுத்த துணியாகத் தெரிந்திருக்கிறது, அது தெரியாமலே குடித்தனம் நடத்தியிருக்கிறேன். புரை விழுந்தால் மங்கலாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், எல்லாம் மஞ்சளடித்தும் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் நமக்கே தெரியாது என்று டாக்டரம்மா சொன்னார். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அவருடைய கோட்டு பழுப்பு, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. சின்னப்பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்துச் சிரித்தேன், அப்பாவுக்கும் சொல்லலாம் என்று திரும்பினால் ஆள் அறையிலேயே இல்லை.

என் பல்வலிக்குக்கூட உள்ளே வந்து பத்துக் கேள்வி கேட்கிற மனிதர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எனக்குக் கொடுத்த கண்ணாடி மாதிரியே கடையில் தனக்கும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று கேட்டேன், உனக்குத் துணைக்குத்தான் என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் மனதில் முள்ளாக நின்றது. புரை முற்றட்டும், நன்றாகப் பழுக்கட்டும் என்று என்னை இழுத்தடித்தவர் உன் அப்பாதான். அவரே திடீரென்று ஒருநாள், டாக்டரம்மா நீண்ட லீவில் போகிறாராம், உடனே முடித்துவிட வேண்டும் என்று குதித்துத் தேதி வாங்கினார். மூடியை எடுத்த அன்றைக்கு, உங்கள் லீவு எப்போது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், நான் எங்கே லீவு எடுத்தேன், இன்னும் ஆறு மாசத்துக்கு நகர முடியாது என்று சொன்னார். இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்ததோடு விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் சமையலறை லட்சணம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் கறை, இவ்வளவு நாள் இதிலா சமைத்தேன் என்று குமட்டியது. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றதால் துடைக்கவும் முடியாமல் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. பழகிப்போச்சு என்றார், வெளிச்சம் கூசுது என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடச் சொன்னால், நீயே போட்டுப் பழகு, நாளைக்கு யார் வருவா என்று சீசாவை என் கையில் கொடுத்துவிட்டு எட்டப் போய் நின்றார், நான் மூக்கிலும் கன்னத்திலும் விட்டுக்கொண்டேன். எதிர்வீட்டுத் தையற்காரி படிக்கட்டில் என்னைப் பார்த்து, அவள் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவளுக்கு வராது, தன் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். என் ஆபரேஷனைத்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்து, பிரமாதமாக இருக்கிறது என்று நான் தலையை ஆட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். ஆபரேஷனுக்கு முன்னாலேயும் ஒரு தடவை அவள் இப்படியே செய்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார், இப்போதெல்லாம் உட்கார்ந்தால் தூக்கம்தான். கண்ணாடி நழுவி மடியில் கிடந்தது. இடுப்புப் பட்டையில் ஆணியால் குத்திப் போட்ட புது ஓட்டைகள் தெரிந்தன, அதையும் தாண்டி சட்டை தொளதொளவென்று இருந்தது. கையெல்லாம் சொறிந்த கோடு, காற்று வறண்டு கிடக்கு என்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். முகம் என்னவோ போல இருந்தது. என் கையில் வெள்ளைத் தலையணை உறை இருந்தது. பழக்கதோஷம் பாப்பா, வேறொன்றுமில்லை, சலவைக்கூடத்தில் செய்வது போல அந்த உறையைக் கொண்டுபோய் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், உறையும் கன்னமும் ஒரே மாதிரி, எப்போதும் பார்க்கிற அதே மனிதர். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். உறை வெள்ளை, உன் அப்பா மஞ்சள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், இந்த வீட்டில் கதை தலைகீழாக நடந்திருக்கிறது, காமாலை அவருக்கு, மஞ்சளாய்ப் பார்த்த கண் எனக்கு. உறை அவர் மேல் பட்டுவிட்டது போலிருக்கிறது, கண்ணைத் திறந்தார். வெள்ளை விழி இருக்க வேண்டிய இடமெல்லாம் முட்டையின் மஞ்சள் கரு. மடியைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார், பிறகு தேடுவதை விட்டுவிட்டு என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"பாத்துட்டியா?" என்றார், அவ்வளவுதான்.

என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை, கத்தினேன் என்று மட்டும் தெரியும், தையற்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தேதி வாங்கக் குதித்தாரே, அதற்கு முந்தின வாரமே தனியாகப் போய் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். ஈரலிலிருந்து வருகிற குழாயை எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது, கல்லாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரியில் படுத்துப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். வலி ஒன்றும் இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார், வலி இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்றாராம் டாக்டர். அந்த வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. குழாய் அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் தன் குழாயை அப்படியே விட்டுவிட்டு என் கண்ணுக்கு ஓடியிருக்கிறார். எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டேன்.

"நான் போய்ப் படுத்துட்டேன்னா நீ இந்த ஊர்ல தட்டுத்தடுமாறிக்கிட்டு நிப்பே. ஒரு கண்ணாவது தெரியட்டும்னு பாத்தேன். ரெண்டாவதும் முடியட்டும், அப்புறம் போறேன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விளங்கியது. கொஞ்ச நாளாக என்னைப் பிடித்து உட்காரவைத்து வங்கி அட்டையைப் போட்டுப் பணம் எடுக்கச் சொன்னது, தண்ணீர்க் குழாயை மூடும் திருகு எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிக் காட்டியது, டப்பாக்களில் கொட்டை எழுத்தில் பேர் எழுதி ஒட்டியது, சாலையின் அந்தப் பக்கம் இருக்கிற தபால் நிலையம் வரைக்கும் என்னைத் தனியாக நடக்கவிட்டுப் பின்னாலேயே வந்தது. வேலை வெட்டி இல்லாத கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேனே. நீயும் ஏன் அப்பா வீடியோவில் வருவதில்லை என்று கேட்டாய், கேமரா கெட்டுவிட்டது என்றார். கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. இந்த மனிதர் தான் இல்லாத வீட்டுக்கு என்னைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார் பாப்பா, அதை நினைத்தால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வருகிறது.

உனக்குச் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றார். நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று போன தடவை ஓடி வந்தாய், திரும்பிப் போனபோது உன் வேலை போயிருந்தது, இப்போதுதான் புது இடத்தில் கால் ஊன்றியிருக்கிறாய், மறுபடியும் அவள் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்றார். போனில் பாப்பாவிடம் மூச்சு விட மாட்டேன் என்று உன் தலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கட்டும். போனில்தானே சொல்லக் கூடாது, கடிதத்துக்குச் சத்தியம் வாங்கவில்லையே. நான் எழுதுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, எழுதுகிற கண்ணைக் கொடுத்ததே தான்தான் என்பதை மறந்துவிட்டார்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற வரைக்கும் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மாட்டேன், சீழ் பிடித்தால் பிடிக்கட்டும் என்று சீசாவை அலமாரியில் வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வரைக்கும் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கடைசியில் அவரே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து என் தலையைப் பின்னால் சாய்த்து மருந்தை விட்டார். அந்த மஞ்சள் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டு இமைக்காமல் இருந்தேன். வருகிற திங்கட்கிழமை போய்ப் படுக்க ஒத்துக்கொண்டார். நானும் இரண்டாவது கண்ணைத் தள்ளிப்போடக் கூடாது என்று பேச்சு.

அப்பா வராதே என்பார், நான் வா என்கிறேன். வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம், இதைத் தேட முடியாது. எது எப்படி என்று எனக்குத் தெரியாது, வெறும் கல்லாக இருந்தால் கிளம்பி வந்த உன்னைப் பார்த்து அவர் என்னைத் திட்டட்டும், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் மட்டும் சொல், வாண்டை அவரிடமே விட்டுவிட்டு வா, குளிருக்குக் கனமான துணி எடுத்துக்கொள். வருவதற்கு முன் போன் செய்தால் லீவு கிடைத்தது, சும்மா வருகிறேன் என்று சொல், குரல் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள், அவர் காது இன்னும் கூர்மைதான். வந்து நின்றதும் அவர் முகத்தைப் பார்த்து அதிர்ந்துவிடாதே, அதற்குத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். அவர் இப்போது குளித்துக்கொண்டிருக்கிறார், வெளியே வருவதற்குள் நானே சாலையைக் கடந்து போய் இதை அவசரத் தபாலில் சேர்த்துவிட வேண்டும், அவர் பழக்கிய வழிதான்.

நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும், உன் பிள்ளை உன்னிடம் எதையும் மறைக்காமல் வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். கதவுச் சாவியை உன் பையில் வைக்க மறக்காதே, நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் இருப்போம்.

இப்படிக்கு,
உன்னையே எதிர்பார்த்திருக்கும்
அம்மா

பி.கு.: இடது கண்ணுக்கு டாக்டரம்மா தேதி கேட்டார், சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் தேதி கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக்கொடுத்துவிடாதே. அவர் தூங்கும்போது எதிரே உட்கார்ந்து வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறேன். அந்த இடது கண்ணில் அவர் இன்னும் பழையபடியே இருக்கிறார்.