எர்த் கம்பி

வடகரப்பதி
ஆவணி, 1974

கண்ணு,

நீ உங்கப்பன் ஊட்டுக்குப் போயி வருசம் ஒண்ணாச்சு. கெணத்து மோட்டாரை இப்ப நாந்தான் போடறேன்.

மோட்டார் மாட்டிக் குடுத்த பொங்கியண்ணன்கிட்டப் போயி, கரண்டு எப்படி ஓடுதுன்னு சொல்லிக் குடுன்னேன். "ஏனுங்க ஆத்தா, அம்பது வயசுக்கு மேல இது எதுக்குங்க?"ன்னான். ஸ்டார்ட்டர் பெட்டியத் தொட்ட எம் பையனால கையை ஏன் எடுக்க முடியலைன்னு எனக்குத் தெரியோணும்னேன். அவன் கரண்டு வேலைப் புஸ்தகத்தை எடுத்துக் குடுத்தான். அஞ்சாவது படிச்ச படிப்பை வெச்சு, அதை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்கறேன். பக்கத்துத் தோட்டத்துல ஃபியூஸ் போனா என்னையத்தான் கூப்படறாங்க.

எர்த் கம்பின்னு ஒண்ணு இருக்குது கண்ணு. பெட்டியில கரண்டு கசிஞ்சா, ஆள் மேல உடாம மண்ணுக்குள்ள கொண்டு போயிரும். மோட்டார் மாட்டற அன்னைக்கே அதுக்குக் குழி தோண்டோணும்னு பொங்கியண்ணன் சொன்னான். உன் புருசனும் கடப்பாரையை எடுத்தான். குலை தள்ளுன வாழை ரெண்டு போயிரும், அப்பறம் பாத்துக்கலாம்னு தடுத்தது நான்.

எழவுக்கு வந்த அத்தனை சனத்துக்கு முன்னால, நீ வந்த நேரந்தான் அவனைக் கொண்டு போச்சுன்னு சொன்னேன்.

முந்தாநேத்து திதிக்கு அதே சனம் வந்திருந்துது. குழி வேண்டாம்னது நாந்தான்னு எல்லார்த்துக்கும் கேக்கறாப்பல சொல்லிப்போட்டேன். பாதிப் பேரு சோறு திங்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க.

உனக்கு மாப்பிள்ளை பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். வேண்டாங்காதே. ஆராச்சும் உன் நேரத்தைப் பேசுனா, இந்தக் கடுதாசியக் குடுத்துப் படிக்கச் சொல்லு.

அவனைப் பெத்தவ