ழகரம் சொல்லிக்கொடுத்தேன்

சூலூர்,
23 ஏப்ரல்

என் பிரியமான மகளுக்கு,

அம்மா மெர்சி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். பிராக் நகரத்தில் இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, வயலின் வாசிக்கிற விரல்களைப் பார்த்துக்கொள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நாலு நாளாக உன் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது. எனக்குச் சர்க்கரை ஏறியதால் வந்த பிரமை என்கிறார் அப்பா.

நம் சர்ச் பியானோ நிகழ்ச்சிக்கு நான்தான் அறிவிப்பாளர். ஒத்திகையில் ஷோப்பானைச் 'சோபின்' என்று வாசித்தேன். பியானோ வாசிக்கும் சாய்ப்ரியா சிரித்துக்கொண்டே திருத்தினாள். கடைசி உருப்படி ர்ஷெஹாக் என்ற, நீ இருக்கிற அந்தச் செக் நாட்டுக்காரருடையது. இறந்து நூறு வருஷம் ஆகிறதாம். அவரை 'ரெஹாக்' என்றேன். அது தப்பென்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஒருவர் போன் செய்தார். ஏனுங்க அம்மணி, அந்தப் பேரு அப்படி இல்லைங்க என்றார். ரகரத்தை உருட்டிக்கொண்டே ஷ சொல்ல வேண்டுமாம். நாலு நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நம் சபைப் பெரியவர் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மைக்கில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டேன். சொன்னதும், கடைசி பெஞ்சில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுவதைப் போல எழுந்து நின்றார். சாய்ப்ரியாவும் பார்த்தாள், விரல் தடுமாறியது. வாசித்து முடித்தபோது அவர் இல்லை. கதவு திறக்கவேயில்லை. இந்த வெயிலிலும் அந்தப் பெஞ்சு ஐஸ் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் போன். எம்பேரைத் திருத்தமாச் சொன்னீங்க, உங்க புள்ள பேரையும் நானு திருத்தமாச் சொல்லோணுமுங்க என்றார். அவர் வாயில் 'எளில்' என்றே வந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே என்று நானும் ழகரம் சொல்லிக்கொடுத்தேன். ஏழெட்டுத் தடவையில் பிடித்துக்கொண்டார். கடைசியில் அச்சு அசலாக நான் கூப்பிடுவது போலவே 'எழில்' என்றார்.

போனை வைத்த பிறகுதான் 'எம்பேரை' என்றது உறைத்தது. திரும்ப அடித்தால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறது.

அங்கே எல்லோரும் 'எசில்' என்கிறார்கள் என்று வருத்தப்படுவாயே, அப்படியே கூப்பிடட்டும். யாரையும் திருத்தாதே. பின்னாலிருந்து யாராவது உன் பெயரைச் சுத்தமாகச் சொன்னால் திரும்பாதே, ஏன் என்று பதில் கொடுக்காதே. என் குரலாகவே இருந்தாலும் கொடுக்காதே. நான் இனிமேல் உன்னைக் கண்ணு என்று மட்டும்தான் கூப்பிடுவேன்.

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இது கிடைத்ததும் ஒரு வரி எழுதிப் போடு, கண்ணு. பேச வேண்டாம்.

அம்மா