ஒரே பாட்டில், இரண்டு வயல்

உயிருக்கு உயிரான ஜாகிர் மச்சான்,

மார்கழி ஒன்பது, புதன்கிழமை, காலை ஏழு பத்து. பூதலூரில் உன் பூச்சிமருந்துக் கடை, உன் மேசை. கோவிந்தராசு அண்ணன் வயலில் பிடித்த புகையான் இருபது. செத்தது பதினொன்று, உயிரோடு ஒன்பது. மற்ற பேச்செல்லாம் அப்புறம்.

அந்த லாரி மோதி நீ போய் எட்டு மாதமாகிறது. கடையை உன் தங்கை ஃபர்ஸானா நடத்துகிறாள். நான் அதே ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக மருந்தடிக்கிறேன். இந்தச் சம்பாவில் ஊரெல்லாம் புகையான். தண்ணீருக்குச் சற்று மேலே, நெல்லின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பயிரை வட்ட வட்டமாகக் கருக்கிவிடுகிற பழுப்புப் பூச்சி. உனக்குத் தெரியாததா? இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

போன வாரம் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்த நேரம். கோவிந்தராசு அண்ணன் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் ஓங்கி வைத்தார்.

"ஏம்மா, இது மருந்தா, காவேரித் தண்ணியா? ரெண்டு தடவ அடிச்சாச்சு. பூச்சி பாயசம் குடிச்ச மாதிரி உக்காந்திருக்கு."

"கம்பெனி சீலை நீங்கதானண்ணே உடைச்சீங்க?" என்றாள் ஃபர்ஸானா.

"சீலு எங்க வேணா ஒட்டலாம். ஜாகிர் இருந்தவரைக்கும் சரக்கு சுத்தம். அவன் போனதும் தங்கச்சி தண்ணி கலக்குதுன்னு ஊரே பேசுது. நான் மூஞ்சிக்கு நேரா சொல்றேன், அவ்ளோதான்."

மூன்று வருடத்துக்கு முன், பழைய மருந்துக்குப் பூச்சி சாகாமல் போனபோது, உன்னைப் போலி மருந்துக்காரன் என்று திட்டியதும் இதே ஆள்தான். செத்த பிறகு நீ சுத்தமாகிவிட்டாய். எனக்கு வாய் பரபரத்தது. "கதிரண்ணே, நீங்க சும்மா இருங்க" என்று என்னை அடக்கிவிட்டு அவள் அவரைக் கேட்டாள்: "பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

"அடியில கொஞ்சம் கிடக்கு."

"வச்சிட்டுப் போங்க. புதன்கிழமை காலைல வாங்க. ஊரே பேசுதுன்னீங்கள்ல, அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

உன் டம்ளர் வேலையை அவள் மறக்கவில்லை, மச்சான். நெல் தண்டுகளை மருந்துத் தண்ணீரில் முக்கி, நிழலில் உலர்த்தி, கண்ணாடி டம்ளரில் நட்டு, பூச்சிகளை உள்ளே விட்டு, வாயைத் துணியால் கட்டுவது. ஒரு டம்ளருக்குக் கோவிந்தராசு அண்ணன் வயல் பூச்சி. இன்னொன்றுக்குத் திருவையாறு பக்கத்துச் செல்லப்பா வயல் பூச்சி. மருந்து இரண்டுக்கும் அண்ணன் வைத்துவிட்டுப் போன அதே பாட்டிலிலிருந்துதான். மருந்தடிக்கச் சோம்பல்பட்டே பேர் வாங்கிய மனுஷன் அவர். பிடித்துவர நான்தான் பைக்கில் போனேன். "என் வயலுக்குப் பூச்சி கேட்டு வந்த மொத ஆளு நீதான்ப்பா" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் நீ இதைச் செய்தபோது எனக்குப் பொறுமையே இல்லை. "பூச்சிக்கு மருந்து பழகிருச்சு, டோஸை ஏத்து, வேலையைப் பாப்போம்" என்றேன். நீ சிரித்தாய். "பழகறதுக்கு உசுரோட இருக்கணும்ல மாப்ள? செத்தது எப்பிடிப் பழகும்?"

பிறகு நீ சொன்னது ஒரு வரிகூட விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. பூச்சிக் கூட்டத்தில் எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றில்லை. மருந்தை உடைத்துச் செரித்துவிடுகிற உடம்போடு ஒன்றிரண்டு, நாம் தெளிப்பதற்கு முன்பே பிறந்திருக்கும். மற்ற நாளில் அதனால் அதற்கொரு லாபமும் இல்லை. நாம் தெளித்ததும் மற்றதெல்லாம் போய்விடுகிறது. வயல் முழுக்க அந்த ஒன்றிரண்டுக்குத்தான். அதன் குஞ்சும் பெரும்பாலும் அதைப் போலவே. ஒரே போகத்தில் மூன்று தலைமுறை ஓடிவிடும். எந்தப் பூச்சியும் மாறவில்லை, கூட்டம் மாறிவிட்டது. "டோஸை ஏத்துனா இன்னும் கெட்டியானதாப் பாத்துப் பொறுக்கி விடுறோம், அவ்ளோதான்" என்றாய்.

நான் எந்திரம் படித்தவன். நான் பார்த்த எந்திரமெல்லாம் ஓட ஓடத் தேயும். இது ஓட ஓடக் கூர்மையாகிறது. அதுவும் வரைபடம் இல்லாமல், வரைந்தவன் இல்லாமல். "எவனும் திட்டம் போடலை பாரு!" என்று நீ கண் விரியச் சொன்னாய். நம்மைத் தோற்கடிக்கிற ஒன்றை அப்படி வியக்க உனக்கு எங்கிருந்து மனசு வந்தது?

இன்று காலை கோவிந்தராசு அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே எண்ணினார். அவர் டம்ளரில் ஒன்பது நடக்கின்றன. செல்லப்பா டம்ளரில் இருபதும் மல்லாந்து கிடக்கின்றன. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப மருந்து நல்ல மருந்துதான்."

"ஆமாண்ணே."

"நம்ம வயல் பூச்சிதான் வேற."

"ஆமாண்ணே."

"எல்லாருக்கும் டீ சொல்லும்மா, நான் குடுக்குறேன்" என்றார். நம் ஊரில் மன்னிப்புக்கு அதுதான் பேர். டீ தீருமுன்பே, "சரி, இதவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு குடு" என்றார் பார்!

"தர மாட்டேன். தண்ணிய வடிச்சுட்டு வயலக் காய விடுங்க. யூரியாவ நிறுத்துங்க. சிலந்தி இருந்தா விட்டுவைங்க, அது தின்னும். அப்பறமும் அடங்கலன்னா வாங்க, வேற வகை மருந்து, அளவா, ஒரே தடவ."

கடை நடத்துகிறவள் சரக்கைத் தர மாட்டேன் என்கிறாள். கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்கள். அந்த நிமிடம் உனக்குக் கிடைக்காமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அழுது எழுத எனக்கு வராது. செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. ஒன்பது பூச்சி தாங்கிய அந்த மருந்தை இந்தப் பக்கத்தில் என் ட்ரோனில் ஏற்ற மாட்டேன். யார் கேட்டாலும்.

2. தூரை விலக்கிப் பூச்சியை எண்ணாமல் எந்த வயலிலும் பறக்க மாட்டேன். வாடகை போனால் போகட்டும்.

3. அடுத்த குறுவையில், நடவுக்கு முன்பே கோவிந்தராசு அண்ணன் வீட்டுக்குப் போய், எட்டடிக்கு ஒருமுறை ஓரடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நடச் சொல்வேன். காற்றும் வெயிலும் தூருக்குப் போகட்டும். நிச்சயம் சண்டை வரும்.

4. நாளைக்கு பெயின்டரைக் கூட்டிவந்து கடை போர்டில் ஃபர்ஸானா பெயரை எழுதவைப்பேன். உன் பெயருக்குக் கீழே இல்லை, பக்கத்தில். அதே அளவு எழுத்தில்.

உன் மாப்ள,
கதிர்