லூமினிட்சாவின் உடைகள்

புடாபெஸ்ட்,
19 ஜூன் 2001

அன்புள்ள தோம்னிகா அத்தைக்கு,

புடாபெஸ்ட் வரை நலமாக வந்து சேர்ந்தேன். யாஷ் ரயில் நிலையத்தில் நீங்கள் அழுத அழுகையைப் பார்த்துப் பெட்டி தூக்கியவர் நம்மைத் தாயும் மகளும் என்றே நினைத்துவிட்டார். உங்கள் ஊரில் படித்த செமஸ்டர் முழுக்க ஆறுகள் எப்படித் தடம் மாறுகின்றன என்று பேராசிரியர் நடத்தினார். அதில் பாதி மறந்துவிட்டது. உங்கள் முட்டைக்கோஸ் சுருள்தான் இன்னும் நாக்கில் நிற்கிறது. போர்ச்சுகலிலிருந்து மழையில் நனைந்து வந்தவளுக்கு உங்கள் மகள் லூமினிட்சாவின் அறையைக் கொடுத்தீர்கள். அவள் இறந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் கழியவில்லை, அவள் உடைகளையும் கொடுத்தீர்கள். எந்தத் தாய்க்கு மனம் வரும்? நான் நன்றி சொல்லும்போதெல்லாம் சிரிப்பீர்கள். இப்போதும் நன்றி, அத்தை.

ரயிலில் ஒரு வேடிக்கை. எனக்கு எதிர் இருக்கை காலியாகத்தான் இருந்தது. பரிசோதகர் வந்து, "ரெண்டு டிக்கெட்டையும் எடும்மா" என்றார்.

"ஒண்ணுதானே இருக்கு" என்றேன்.

"அப்ப அந்தப் பொண்ணு? இப்பத்தானே இங்க உக்காந்திருந்துச்சு" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

பிறகு பக்கத்திலிருந்த அம்மாள் எனக்கு ஒரு கை சூரியகாந்தி விதை கொடுத்துவிட்டு, எதிரேயும் ஒரு கை நீட்டினாள். "உன் தங்கச்சிக்குக் கூச்சம் ஜாஸ்தி. நானும் கேட்டுப் பாத்துட்டேன், வாயே தொறக்க மாட்டேங்குறா" என்றாள். எதிரே யாரும் இல்லை, அத்தை. சிரித்துவைத்தேன். ஆனால் அடுத்த நிலையத்திலேயே வேறு பெட்டிக்கு மாறிவிட்டேன்.

வியன்னாவில் தோழி வீட்டில் கொஞ்ச நாள் இருப்பேன். முகவரியைப் பின்புறம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மதலேனா


யாஷ்,
25 ஜூன்

என் மகளே,

நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நீ போன அன்றிலிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முன்பெல்லாம் உன் அறையில் கேட்ட காலடிச் சத்தம் நீ கல்லூரிக்குப் போன பிறகும் கேட்கும். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் துணியையும் அவர் பெயரில் சமைத்ததையும் அவர் வயதுள்ள ஒருவருக்குக் கொடுப்போம். வாங்குகிறவர் நன்றி சொல்லக் கூடாது. 'கடவுள் மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கொடுத்தது போனவருக்குப் போய்ச் சேரும். அவர்கள் உடுத்தி, பசியாறி, கிளம்பிவிடுவார்கள். எங்கள் தெருப் பெண்களுக்குக் கொடுத்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் விவரம் தெரியாத ஒருத்தியைத் தேடிப் பிடித்தேன். நீ நன்றி சொல்லச் சொல்ல என் லூமினிட்சா என்னோடு இருந்தாள். திட்டுவதானால் திட்டிக்கொள்.

அவளுடைய அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவாய் என்று நான் நினைக்கவில்லை. அதன் பின்னாலேயே அவளும் போய்விட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே, கண்ணே.

அம்மா தோம்னிகா


வியன்னா,
4 ஜூலை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபத்தில் அதைக் கிழிக்கப் போனேன். பிறகு உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களிடம் திரும்பத்தான் ரயில் ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளை உங்களிடம் கொண்டுவரத்தான் கிளம்பினேன்.

எல்லை தாண்டியதும் பெட்டியில் இருந்த ஒருவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். கட்டட வேலை முடிந்து ஊர் திரும்புகிற உங்கள் பக்கத்து ஆள்தான். ஒரு வாய் தின்றவர் நிறுத்திவிட்டார். "உங்கூட வந்த பொண்ணு எப்பம்மா சாப்பிட்டுச்சு? என் கையையே பாத்துக்கிட்டிருக்கு. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்றார்.

உங்கள் மேசையில் நான் ருசித்துச் சாப்பிட்ட ஒவ்வொரு தட்டும் அவளுடையது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உங்கள் காலடியில் கிடந்து கேட்கிறேன், என்னைச் சபிக்காதீர்கள். நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். வாய்விட்டு, அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

ரயில் சோளக்காட்டு நடுவே நின்றது. அந்த மனிதர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஸ்டேஷனே இல்லாத எடத்துல ஏம்மா எறங்கிடுச்சு? சிரிச்சுக்கிட்டே போகுது பாரு" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குச் சோளம்தான் தெரிந்தது.

அடுத்த ஊரில் இறங்கித் திரும்பிவிட்டேன். உங்கள் முகத்தில் விழிக்கத் துணிவு வரவில்லை. அடுத்த வருடம் கட்டாயம் வந்து பார்க்கிறேன்.

மதலேனா


யாஷ்,
16 ஜூலை

செல்வி மதலேனா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் செய்ததுதான் சரி என்று பாதிரியார் சொல்கிறார். அது எனக்கும் தெரியாததல்ல. பசியோடு நிற்பாள் என்று தெரிந்துதான் வைத்துக்கொண்டேன். பெற்றவளின் ஆசைக்குக் கண் கிடையாது.

அவள் சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் நோவு வந்தபோது ஒருநாளும் அவள் சிரித்துப் பார்த்ததில்லை.

உடைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அவை இனி உங்களுடையவை. வீட்டில் நன்றாகத் தூக்கம் வருகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வருடம் வர வேண்டாம். வந்தால் கதவைத் திறப்பேன், சாப்பாடும் போடுவேன். ஆனால் உங்களைப் பார்க்க மாட்டேன். உங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

தோம்னிகா