அசனப் பந்தியில் ஊற்றிய தண்ணீர்

நேற்று நம் வேதக்கோயில் கிணற்றில் பேதிக்காகச் செவப்பு மருந்து ஊற்றியிருந்தார்கள். வாசல் முழுக்கப் பினாயில் வாடை. ஆராதனைக்குப் படியேறியவள் அந்த வாடையில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பதினாறு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதுகிறேன்.

அந்த வருஷமும் இதே ஆடி மாசம்தான். குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்தது. குளிக்க வந்த கூட்டத்தோடு வாந்திபேதியும் வந்து, சிற்றாற்றோடு கீழே இறங்கி, தென்காசியைத் தாண்டி நம் ஊர் வரை எட்டிவிட்டது. ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டு, பேதி கண்டவர்களை அங்கே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

பண்டிகை அசனத்தை நிறுத்தச் சொல்லிப் போதகர் ஐயரிடம் போனவள் நீதான். ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் நம் ஊரில் ஒரு வருஷமும் நின்றதில்லை. "ஆண்டவர் பந்தியில நோய் வருமா?" என்று மூப்பர்கள் உன்னை மடக்கினார்கள். நர்ஸ் வேலை படித்தவள் பேச்சு அங்கே எடுபடவில்லை. கடைசியில் ஐயர் ஒரு வழி சொன்னார். யார் வீட்டில் பேதி இருக்கிறதோ அந்த வீட்டார் வரக் கூடாது. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்கிற பொறுப்பை உனக்கே கொடுத்தார்.

சாமுவேலுக்கு அப்போது இரண்டு வயசு. ஏழு வருஷம் காத்திருந்து பெற்றவன். அவனுக்காக அந்த அசனத்தில் தண்ணீர் ஊற்றுவதாகப் பொருத்தனை செய்திருந்தேன். அன்று விடிந்ததிலிருந்து அவனுக்கு நாலு தடவை வயிற்றால் போயிற்று. பல் முளைக்கிறதாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு துணியை அலசிப் போட்டேன். சொன்னால் பிள்ளையைக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். வராமல் இருந்தாலோ, ஏன் வரவில்லை என்று முதலில் தேடி வருகிறவள் நீயாகத்தான் இருப்பாய். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தேன்.

"ஏட்டி, வீட்ல யாருக்கும் வயித்தால போகுதா?"

"இல்லட்டி."

"சாமு எங்கன?"

"தூங்குதான்."

மற்றவர்களைக் குடைந்து குடைந்து கேட்டுக்கொண்டிருந்தவள், என்னிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, உள்ள போ. பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்று முதுகில் தட்டி அனுப்பினாய்.

அண்டாவில் செம்பை விட்டு மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் விரல்கள் தண்ணீருக்குள் முங்கின. கடைசிப் பந்தியில் நீ உட்கார்ந்தாய். "நல்லா ஊத்துட்டி, கேட்டுக் கேட்டுத் தொண்ட காஞ்சு போச்சு" என்றாய். ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாய்.

மூன்றாம் நாள் முதல், பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அவர்களைப் பார்க்கக் கொட்டகைக்குப் போன நீயும் அங்கேயே விழுந்தாய். சாமுவேல் அதற்குள் எழுந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் கொட்டகைக்கு வந்தேன். தட்டியை விலக்கியபோது கண்கள் குழிக்குள் போய்க் கிடந்தாய். "உள்ள வராத. பிள்ளக்காரி நீ" என்றாய். குரல் காற்றாக வந்தது.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பொறவு சொல்லுட்டி."

மறுநாள் மத்தியானம் சுண்ணாம்பைக் கொட்டி உன்னை மூடினார்கள். கூட்டம் சேரக் கூடாது என்று பாட்டுக்கூடப் பாடவில்லை.

கிணற்றிலிருந்து வந்திருக்கலாம், ஆற்றிலிருந்து வந்திருக்கலாம், என்னால்தான் என்று யார் சொல்ல முடியும்? இப்படி நினைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். ஒரு நாளும் அது ஆறுதலாக இருக்கவில்லை. ஒருமுறை ஐயரிடம் மட்டும் சொன்னேன். "கர்த்தர் மன்னிச்சிட்டாரும்மா. வெளிய சொல்லிச் சபையக் கலைக்காத" என்றார். மன்னிக்க வேண்டியவள் நீ. உன்னிடம் நான் கேட்கவே இல்லையே.

நேற்று ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் இந்த வருஷ அசனத்தைப் பற்றிப் பேசினார்கள். பேதி பக்கத்து ஊர் வரை வந்துவிட்டது. ஆனாலும் அசனம் உண்டு, வாசலில் கேட்டு அனுப்பினால் போதும் என்றார்கள். பெண்கள் எழுந்து பேசுகிற இடம் அல்ல அது. எழுந்தேன். வாசலில் உன்னிடம் சொன்ன பொய், அலசிய துணி, நான் ஊற்றிய தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய மூப்பர், "பழைய கதை. எல்லாரும் ஜெபம் பண்ணுவோம்" என்றார். அசனம் நிற்கவில்லை. அண்டாக்களை இன்று காலையில் பரணிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாமுவேல் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

உங்கள் அம்மாவும் அங்கே இருந்தார்கள். நீ போன பிறகு ஞாயிறுதோறும் பாயில் என் பக்கத்தில்தான் உட்காருவார்கள். "ஒன் பக்கத்துல இருந்தா அவ இருக்க மாதிரி இருக்குட்டி" என்பார்கள். முட்டி பிடித்துக்கொண்டதால் என் தோளை ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். நேற்று ஜெபம் முடிந்ததும் வழக்கம்போலத் தோளைச் சாய்த்துக் கொடுத்தேன். அதைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மெல்ல மெல்ல, யார் உதவியும் இல்லாமல் எழுந்து போனார்கள்.