காலையில் ஒரு டம்ளர் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே நிலைதான். விதையிலை இரண்டு, அதற்குமேல் உண்மையான இலை இரண்டு. ஜனவரியில் விதை போட்டது. ஐஸ்கிரீம் டப்பாக்களில் மிளகாய்க் கன்றுகள், வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பிள்ளைகள் மாதிரி ஆடாமல் அசையாமல் நிற்கின்றன. அதே பொட்டலத்தில் மிச்சமிருந்த விதையைக் கீழ்வீட்டு அம்மா வாங்கிப்போய் உடைந்த வாளியில் தூவினாள். அவள் செடி முழங்கை உயரத்துக்கு வந்துவிட்டது.

கடையிலிருந்து வந்ததும் அக்காவைக் கேட்டேன், தண்ணீர் ஊற்றினாயா என்று. "காலையிலேயே ஊத்திட்டேன் குட்டி. ஒரே ஒரு டம்ளர், எல்லாத்துக்கும் பிரிச்சு." எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் அவளுக்கு நான் குட்டிதான்.

இந்தக் கன்றுகள் பிழைக்க வேண்டும். மிளகாய்மேல் எனக்கொன்றும் ஆசை இல்லை. அக்கா குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள், அடுப்பை எரியவிட்டு மாடிக்குப் போனாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம், தினமும் செய்ய ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள் என்றார். அண்ணன் அதற்குள் ஊரெல்லாம் விசாரித்து ஒரு முதியோர் இல்லத்தைப் பிடித்துவிட்டான். நீ பகலெல்லாம் தையல்கடையில், அவள் வீட்டில் தனியாக, ஏதாவது ஆகிவிட்டால் என்று போனில் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. அக்கா செடி வளர்க்கிறாள், அது வளரட்டும், அப்புறம் பேசலாம் என்றேன்.

வளரவேண்டுமே.

மார்ச் 8, ஞாயிறு

நர்சரிக்காரரிடம் போனேன். வெயில் போதாது என்றார், மண் இறுகியிருக்கும் என்றார். அதுவரைக்கும் சரி. பிறகு, "தண்ணி ஜாஸ்தியா ஊத்துறீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வார்டில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்த அக்காவுக்கு, ஒரு டம்ளர் தண்ணீர் அளக்கத் தெரியாதா? முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். பாவம், அவர் உரப் பொட்டலத்தை மடித்துக் கொடுத்தார்.

டப்பாக்களை வெயில் படும் மூலைக்கு மாற்றினேன். அக்கா கூடவே நின்று ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்தாள்.

மார்ச் 9, திங்கள்

உரம் போட்டாயிற்று.

மார்ச் 16, திங்கள்

கீழிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மண்மேல் பாசி. டப்பாவைத் தொட்டால் பொடி ஈக்கள் எழும்புகின்றன. டப்பா சின்னது, வேருக்கு இடம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பழைய மண் கையில் களிபோல ஒட்டியது. குழாய்த் தண்ணீரில் ஏதோ கோளாறு. இல்லாவிட்டால் விதை சரியில்லை. கீழ்வீட்டில் வளர்கிறதே? அவள் கை ராசி.

மார்ச் 19, வியாழன்

கீழ்வீட்டு அம்மாவோடு சண்டை. உங்கள் பால்கனியிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டுகிறது, காயப்போட்ட துணி காயவே மாட்டேன் என்கிறது என்று படியேறி வந்துவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் எப்படி நாள் முழுக்கச் சொட்டும்? உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகும், போய்ப் பாருங்கள் என்றேன். படிக்கட்டே அதிரும்படி பேசினேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அக்கா உள்ளே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அவ்வளவு கத்தினேன்?

மார்ச் 27, வெள்ளி

காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. ஜன்னலோரம் படுத்திருந்தேன்.

அக்கா காலையில் வாளியிலிருந்து டம்ளரில் மொண்டு, தொட்டி தொட்டியாக ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வந்து என் நெற்றியில் கை வைத்தாள். "காய்ச்சல் அடிக்குதே குட்டி, எப்பலேருந்து?" என்றாள். ராத்திரியிலிருந்து என்றேன். ஈரத்துணி போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பால்கனியைப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது. "அய்யோ, செடிக்கு இன்னும் தண்ணி ஊத்தலையே." எழுந்து போனாள். மொண்டாள். ஊற்றினாள். கழுவிக் கவிழ்த்தாள். வந்து என் நெற்றியில் கை வைத்தாள்.

"காய்ச்சல் அடிக்குதே குட்டி, எப்பலேருந்து?"

சாயங்காலம் வரைக்கும் இதேதான். ஒவ்வொரு தரமும் அதே பதறல், அதே கை. அந்தக் கைக்கு ஒன்னும் ஆகலையே, நெத்தியத் தொட்டதும் கண்டுபிடிக்குதே. அப்புறம் எங்க போச்சு எல்லாம்? நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அதுக்கும் வந்து போர்வையை இழுத்துவிட்டா.

மார்ச் 28, சனி

எத்தனை தரம் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அண்ணனிடம் சொல்லவேண்டி வரும்.

ஏப்ரல் 4, சனி

டம்ளரை ஒளித்துவைத்துப் பார்த்தேன். வாளியையும். அக்கா வீடு முழுக்கத் தேடினாள், கட்டிலுக்கடியில்கூட. கடைசியில் சமையலறையில் நின்றபடியே அழுதாள். "என் வேலையை ஏன் பிடுங்கிட்டாங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். இனி ஒளிக்கமாட்டேன்.

ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பாகி, நனைந்த நூல் போல வழுவழுவென்று கையோடு வந்தது. மற்றவற்றையும் பார்த்தேன், பெரும்பாலானவை அப்படித்தான். நான் வேறு பெரிய தொட்டிக்கு மாற்றி, தண்ணீர் தேங்க இன்னும் இடம் பண்ணிக்கொடுத்திருக்கிறேன். நர்சரிக்காரர் முதல் நாளே கேட்டார். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அடுத்த மாசம் ஒரு இடம் காலியாகுதாம். எழுதி வெச்சிடட்டுமா?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். சரி என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

எல்லாம் முடிந்தது. மிளகாய்ச் செடியை நம்பி ஒரு மனுஷியை வீட்டில் வைத்துக்கொள்ளப் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மூன்று கன்றுகளில் மட்டும் வேர் நுனி வெள்ளையாக இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

அவளை மாற்ற முடியாது. மண்ணை மாற்றலாம் இல்லையா? ஆணியை அடுப்பில் காய்ச்சித் தொட்டிகளின் அடியிலும் பக்கத்திலும் சல்லடையாகத் துளை போட்டேன். வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். அடியில் செங்கல் ஜல்லி, மேலே பருமணலில் கொஞ்சம்போல மட்கிய உரம். ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய வேகத்தில் கீழே இறங்கிவிட்டது. சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கத் தட்டு வைத்தேன். கீழ்வீட்டு அம்மாவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். உட்காரச் சொன்னாள்.

எதற்கு இதெல்லாம் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் அக்கா இங்கே இருக்கப்போவதில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

நாள் முழுக்க ஊற்றியிருக்கிறாள். சாயங்காலம் வந்து விரலை விட்டுப் பார்த்தேன். மண் வெறும் ஈரமாக மட்டும் இருந்தது.

மே 17, ஞாயிறு

கடையின் கட்டிங் மாஸ்டர் இன்று இன்னொரு மூட்டை சட்டைக் காலரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முடித்ததை எடுத்துப்போனார். கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். நூல் கோக்கும்போது தலையைத் தூக்கினால் பால்கனி முழுக்கத் தெரியும். அக்காவை அனுப்பமாட்டேன் என்றதில் இல்லத்து இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எவ்வளவு நாள் உன்னால் முடியும் என்று கேட்டதுதான் கடைசி. தெரியாது.

மூன்று செடியும் ஒரு சாணுக்கு மேல் வந்துவிட்டன. ஒன்றில் மொட்டு. செடி வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவள் நான். செடி வளர்கிறது.

அக்கா காலையிலிருந்து என்னைக் குட்டி என்று கூப்பிடவில்லை. வார்டில் உடன் வேலை பார்த்த யாரோ என்று நினைக்கிறாள் போல. மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "சிஸ்டர், செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்டாள். மண் அப்போதுதான் அவள் கையால் நனைந்திருந்தது.

"இன்னும் இல்லக்கா," என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஊற்றி முடித்துக் கழுவப் போனதும், நான் எழுந்துபோய்த் தட்டில் வடிந்திருந்த தண்ணீரை மறுபடி வாளியில் ஊற்றிவைத்தேன்.